மனோராஜ்யத்திற்கு ஒரு மா நிலம்

தமிழ்ச் சின்னத்திரைக்குக் கதையும் வசனமும் எழுதிவரும் அன்பர்கள் அனைவருக்கும், தஞ்சாவூரிலிருந்து நேயர் ஒருவர் எழுதும் திறந்த மடல்.

அந்தி சாய்ந்து விளக்கேற்றும் வேளை தொடங்கி, இரவு பாய் விரிக்கும் வரையில், ஒரு தொடர் முடிந்தால் மற்றொன்று என்று தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்தைத் தம் வசமாக்கிக்கொண்டிருக்கும் உங்களுடைய மாமியார்களையும் மருமகள்களையும், விஷம் கலந்த பால் தம்ளர்களையும், மாடிப்படியில் ஊற்றப்பட்ட எண்ணெயையும் பற்றிக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தக் குறையை உங்களிடம் சொல்லாதவர் ஒருவரும் இல்லை, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் காது மரத்துப் போயிருக்கும். என் விண்ணப்பம் வேறு. 15, 16 பிராயத்தில், கையில் புத்தகத்தையோ துடைப்பத்தையோ வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே, இருந்த இடத்தில் இருந்துகொண்டே வேறொரு ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருக்கும் ஒரு பெண்ணையோ பிள்ளையையோ, பார்க்கிறவர்கள் சிரிக்கும்படியாகவும், சிரித்து முடித்தபின் சற்றே நெஞ்சு கனக்கும்படியாகவும், எங்கள் காவிரிப் படுகையில் நட்டு வளர்த்து ஒரு தொடராகத் தரவேண்டும் என்பதுதான் அது.

இப்படிப்பட்ட தொடர் ஒன்று தமிழ்ப் பெண்ணை வைத்தே எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவர்கள் நாம் அல்லர். ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த 2020 ஏப்ரல் 27ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்து, நான்கு பருவங்களாக, பருவத்திற்குப் பத்துத் தவணை வீதம் நாற்பது தவணை நடந்து, 2023 ஜூன் மாதத்தில் நிறைவுற்ற ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ என்ற அமெரிக்கத் தொடரைத்தான் சொல்கிறேன். அதை லாங் ஃபிஷரோடு சேர்ந்து உருவாக்கிய மிண்டி கேலிங், தமிழ்த் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் பிறந்தவர். சொக்கலிங்கம் என்பது அவருடைய குடும்பப் பெயர். கதாநாயகி தேவி விஸ்வகுமாராக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண். தொழில்முறை நடிப்பு அனுபவம் எதுவுமின்றி, விண்ணப்பித்த 15,000 பேருக்கு நடுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். கலிபோர்னியாவில் ஷெர்மன் ஓக்ஸ் என்னும் பகுதியில் வீடு. தாய் சரும வைத்தியர். பள்ளிக்கூடத்தில் முதல் வரிசை மாணவி. இவ்வளவும் இருந்தும், முதல் காட்சியில் பூஜை மாடத்தின் முன் கைகூப்பி நிற்கும் அந்தப் பெண், கையில் முளைத்திருக்கும் ரோமம் சற்றுக் குறையவேண்டும் என்றும், ஒரு கேளிக்கை விருந்துக்காவது தன்னை யாரேனும் அழைக்கவேண்டும் என்றும், பார்க்க லட்சணமான ஒரு காதலன் வேண்டும் என்றும் மூன்று வரங்கள் கேட்கிறாள். ஞானம், வைராக்கியம் என்று எதையும் கேட்கவில்லை. உண்மையில் அந்த வயதில் யார் கேட்டார்கள்?

இந்தப் பெண்ணின் கனவுகளுக்கு அடியில் ஒரு மரணம் கிடக்கிறது என்பதுதான் அத்தொடரின் சூக்ஷ்மம். பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே, சபையில் அமர்ந்திருந்த தந்தை மோகன் மாரடைப்பில் சாய்ந்துவிடுகிறார்; அதன் பிறகு தேக வியாதி எதுவுமின்றியே அவளுடைய கால்கள் சில மாதங்கள் செயலற்றுப் போகின்றன; வகுப்பிலேயே அழகன் என்று பெயரெடுத்த ஒருவனை எட்டிப் பார்ப்பதற்காகத் தன்னை அறியாமல் எழுந்து நிற்கும்போதுதான் அவை மீள்கின்றன. வைத்திய சாஸ்திரம் இதை ஒப்புக்கொள்ளுமா என்று கேட்பவர் கேட்கட்டும். துக்கத்தையும் ஆசையையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, நம்மைச் சிரிக்கவும் வைத்த அந்தத் துணிச்சலைத்தான் நான் மெச்சுகிறேன். செத்துப்போன தந்தை அதற்குப் பின்னும் வருகிறார்: கனவாகவும் நினைவாகவும் வருகிறார், ஒருமுறை, தெருவில் திரியும் கயோட்டி என்ற நரி போன்ற விலங்கில் அவருடைய ஆவி இருப்பதாகவே அவள் நம்பிவிடுகிறாள். பிரசவத்திலும் விபத்திலும் விஷத்திலும் வாரத்துக்கு ஒருவரைச் சாகடித்துவிட்டு, மூன்றாம் நாளே மாலையிட்ட படத்தைச் சுவரில் மாட்டி மறந்துவிடும் நம்முடைய தொடர்களில், இறந்தவரை நினைத்துக்கொண்டே ஒரு பெண் பள்ளிக்கூடம் போய் வருவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

அத்தொடரில் எனக்கு மனத்தாங்கல்களும் உண்டு, மறைப்பானேன். அந்த வீட்டில் தமிழ் ஊறுகாய் அளவுக்குத்தான் பரிமாறப்படுகிறது. இலக்கியம் வேண்டாம், கோபம் வந்தால் வாயிலிருந்து தானாக வரவேண்டிய நாலு வார்த்தைகூட அந்தத் தாய்க்கு ஆங்கிலத்திலேயே வருகிறது. வீடும் தோட்டமும் சற்று அதிகமாகவே பளபளக்கின்றன. பிற்பாதியில் காதல்கள் மின்வண்டி நிலையத்து ரயில்களைப் போல வந்தவண்ணமும் போனவண்ணமும் இருக்கின்றன. ஆயினும், நிறத்தில் மாநிறமும், குணத்தில் முன்கோபமும், அவசரத்துக்குப் பொய்யும் உள்ள ஒரு தமிழ்ப் பெண்ணை நடுநாயகமாக வைத்து, அவளை யாரும் திருத்திச் சிவப்பாக்காமல் விட்டார்களே, அதற்காக எத்தனையோ பொறுக்கலாம். அப்படி ஒரு முகத்தை நம்முடைய தொடர்களில் கதாநாயகியின் வீட்டு வேலைக்காரிக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறோம்.

இன்னொரு யுக்தியையும் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லும் குரல் ஒரு பெண்ணுடையதன்று, தமிழருடையதும் அன்று. ஆட்டக்களத்தில் நடுவரோடு சண்டை பிடிப்பதில் உலகப் பிரசித்தி பெற்ற டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ அதைச் சொல்கிறார். முதலில் இது வெறும் விளையாட்டாகத் தோன்றும். போகப் போக, அவளுடைய முன்கோபத்துக்கு அவரைவிடப் பொருத்தமான வியாக்கியான கர்த்தா கிடையாது என்று விளங்கும். முதல் பருவத்தின் முடிவில், அவர் அவளுடைய தந்தையின் அபிமான வீரர் என்பதும் தெரியவரும்போது, இத்தனை நேரம் கேட்ட குரலில் பாதி அப்பாவுடையது என்று புரிந்து மனம் கலங்கும். மனோராஜ்யத்தில் இருப்பவள் தன் கனவைத் தானே எடுத்துச் சொன்னால் அது புலம்பலாகிவிடும். வேறொருவர் அதை மகா கம்பீரமாக எடுத்துரைக்கும்போதுதான் ஹாஸ்யம் பிறக்கிறது. இதற்கு நீங்கள் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், மராத்தியர் கீர்த்தன பாணியைத் தமிழுக்கு இசைவித்து, ஸாகி, திண்டி, அபங்கம் என்னும் பாட்டு வகைகளை இடையிட்டுப் பெருக்கிய கதாகாலட்சேபம் என்ற கலை எங்கள் ஊரில் வளர்ந்ததுதானே? வெண்ணாற்றங்கரைச் சாலையில், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியை மிதித்துக்கொண்டு போகும் பதினோராம் வகுப்புப் பெண்ணின் மனத்தில் ஓடுவதை, சிப்ளாக்கட்டையைத் தட்டியபடி, ருக்மிணி கல்யாணம் சொல்லும் அதே தோரணையில், ஒரு பாகவதர் நிரூபணம் பண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதிவண்டியின் சங்கிலி கழன்று விழும் இடத்தில் அவருடைய சுருதியும் ஒரு கணம் இறங்கட்டும். வேறு எந்த நாட்டிலும் இந்தத் தொடரை எடுக்கமுடியாது.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றோடு நின்றுவிடுவது நியாயமில்லை. கீத் வாட்டர்ஹவுஸ் 1959-ல் எழுதிய ‘பில்லி லையர்’ நாவலில், சவ அடக்கம் நடத்தித் தரும் கடை ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் 19 வயதுப் பிள்ளை அம்ப்ரோஸியா என்றொரு தேசத்தைக் கற்பனையில் ஆண்டுகொண்டிருக்கிறான்; நாவல் நாடகமாயிற்று, சினிமாவாயிற்று, எழுபதுகளில் ஆங்கிலத் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடராகவும் ஆயிற்று. நம் தூர்தர்ஷனில் 1989-ல் பிரகாஷ் ஜா இயக்கிய ‘முங்கேரிலால் கே ஹசீன் சப்னே’ தொடரில் ரகுவீர் யாதவ் நடித்த ஏழைக் குமாஸ்தாவின் பெயர், இன்றைக்கும் ஹிந்திக்காரர்கள் வாயில் வீண்கனவு காண்பவனுக்குப் பரிகாசப் பெயராக நிற்கிறது.

ஆனால் நமக்கு மிகவும் நெருங்கியவன் சுவாமிநாதன்தான். ஆர். கே. நாராயண் என்ற தமிழர் 1935-ல் வெளியிட்ட ‘சுவாமியும் சிநேகிதர்களும்’ நாவலின் அந்தச் சிறுவன், ஐம்பது வருஷம் கழித்து, ஷங்கர் நாக் என்ற கன்னடக் கலைஞரின் கைவண்ணத்தில், கர்நாடகத்து ஆகும்பே மலைக் கிராமத்தில் உயிர்பெற்று, ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டு தூர்தர்ஷன் ‘மால்குடி டேஸ்’ தொடரில் வந்து சேர்ந்தான். இடையில் தமிழுக்கு மட்டும் என்னவோ சோலி இல்லை. அவனுக்குப் பதின்மப் பிராயம் ஆகவில்லை என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். மனோராஜ்யக் கலையில் அவனே உங்களுக்கு ஆசான். ராமனிடம் பத்து மாம்பழம் இருக்கிறது, அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க நினைக்கிறான், கிருஷ்ணனுக்கு நான்கு மட்டும் வேண்டும், என்ன விலை கொடுப்பான் என்று தகப்பனார் கணக்குப் போடச் சொன்னால், அந்தப் பழங்கள் பழுத்தவையா, இல்லையா என்ற கவலையில் சிறுவன் சிக்கிக்கொள்கிறான். அவன் ஆகாயத்தில் எங்கும் பறக்கவில்லை. கணக்குக்கு உள்ளேயே நுழைந்து, மாம்பழத்தைத் தொட்டு முகர்ந்து பார்க்கிறான். அங்கேதான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இந்த மடலில் நான் வற்புறுத்த வந்த விஷயமும் இதுவே. கனவு என்றவுடன் நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா பழக்கிவிட்ட கனவுப் பாட்டு: குடத்தைத் தூக்கிய பெண் கண்ணை மூடித் திறந்தால் பனி மூடிய ஸ்விட்சர்லாந்து மலை, பட்டுப் புடவை, பின்னால் இருபது பேர். கும்பகோணத்தில் குடம் தூக்கும் பெண், தான் கண்ணால் கண்டிராத மலையைக் கனவு காண்கிறாளா? காணமாட்டாள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கண்டாலும் அந்த மலைச்சரிவில் அவளுடைய அத்தை வந்து, நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்பாள். மனோராஜ்யம் என்பது ஊரை விட்டு ஓடுவதன்று. ஊரிலுள்ள சாமான்களையே எடுத்து வேறுவிதமாக அடுக்குவது. ஆகவே ஊரைத் துல்லியமாக எழுதத் தெரிந்தவருக்கே கனவும் எழுதவரும்.

ஒரு காட்சி சொல்கிறேன்; பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ராயல்டி வேண்டாம். தை மாதக் கடைசி. சம்பா அறுவடையாகி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமையாதலால், தகப்பன் டீக்கடை வரை போய் வருகிறேன் என்று சொல்லி, குவியலுக்குக் காவலாக மகளை உட்காரவைத்துப் போயிருக்கிறான். மடியில் வேதியியல் புத்தகம். மேற்கே மேகம் கறுக்கிறது. படுதா ஒன்று, குவியலோ இரண்டு. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் நெல் திரும்பிவிடும். கருக்காய் அதிகமென்றால் இன்னொரு முறை தூற்றவேண்டும். 40 கிலோ பிடிக்கும் சிப்பத்துக்குச் சாக்கு வரவேண்டும். தராசு ஒன்று, வரிசையோ நீளம். இந்த நிலையில்தான், யானைமேல், சாக்ஷாத் ராஜராஜ சோழச் சக்கரவர்த்தி வந்து இறங்குகிறார். பெரிய கோயில் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: தளிச்சேரிப் பெண்டுகள் என்ற ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயரையும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதையும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தார்கள் என்பதையும், பங்கு ஒன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதையும் கல்லில் பொறித்துவைத்த மகா கணக்குப்பிள்ளை அல்லவா அவர்! வந்தவர் ஆடவல்லான் மரக்காலைக் கையில் எடுத்து, பட்டியல் எழுத்தரைப் பார்த்து, ஈரமானியா, அது எதற்கு என்று ஒரு பிடி நெல்லை அள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார். “பதம் சரியாகத்தான் இருக்கிறது, அளந்துகொள்.” எழுத்தர் தலையைச் சொறிகிறார். “சமூகம் மன்னிக்கணும், ஆன்லைன் பதிவு இருக்குதுங்களா?” பெண் பார்க்கிறாள்: வரிசையில் நிற்கும் கிழவர்களின் முகம் மாறுகிறது. ஆகவே தயங்கித் தயங்கி, சக்கரவர்த்தியின் காதருகே போய், “தாத்தா, அவுங்கள்லாம் மூணு நாளா நிக்கிறாங்க, நீங்களும் வரிசையில வாங்க” என்கிறாள். முதல் துளி வேதியியல் புத்தகத்தின்மேல் விழுகிறது. படுதாவை எந்தக் குவியலுக்குப் போடுவது? ஒன்று தகப்பனுடையது, மற்றொன்று புருஷனை இழந்து தனியாகச் சாகுபடி செய்யும் பக்கத்து வயல் சித்தியுடையது. சிரித்துக்கொண்டிருந்த நேயர் இங்கே நிமிர்ந்து உட்காருவார். அவள் என்ன செய்தாள் என்பதை நீங்கள் எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு சபலம் வரும், முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில், திண்ணையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எழுதியதை முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சீனிவாச ராமானுஜன் என்ற பிள்ளையை உங்களுக்குத் தெரியும். 1904-ல் நகர உயர்நிலைப் பள்ளியில் ரங்கநாத ராவ் பரிசு வாங்கியவன், அரசினர் கல்லூரிக்குப் போய், கணிதம் தவிர மற்றதெல்லாம் கண்ணில் படாமல் உபகாரச் சம்பளத்தை இழந்து, 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினான். அப்போது அவனுக்கு வயது 17. குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டினாள் என்று பிற்காலத்தில் சொன்னவரும் அவரே. பதின்மப் பிராயத்துக் கனவுக்காரர்களில் எங்கள் ஜில்லாவின் சக்கரவர்த்தி அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் தயவுசெய்து, உங்கள் தொடரின் கடைசியில், அந்தப் பெண்ணும் ஒரு மகா மேதை என்று கண்டுபிடிக்கப்பட்டு, மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டு, ஊரே கைதட்டுவதாக முடித்துவிடாதீர்கள். 1913-ல் அவர் எழுதிய கடிதத்துக்கு ஆங்கிலக் கணித மேதை ஹார்டி பதில் எழுதாமலே போயிருந்தாலும் அந்தத் திண்ணையும் பலகையும் மெய்யாகத்தான் இருந்திருக்கும். ராமானுஜனைக் காட்டிக் கனவுக்கு ஜாமீன் வாங்குவதால், ராமானுஜன் ஆகாத லட்சோப லட்சம் பிள்ளைகளை அவமதித்தவர்களாவோம். அதைவிடக் கொடிது, கனவு கண்டதால் கெட்டாள் என்று பாடம் சொல்லி, இனி ஒழுங்காகப் படிப்பேன் என்று அவள் அழுவதாக முடிப்பது. இரண்டும் வேண்டாம். அவள் பதினோராம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகட்டும்; அவ்வளவு போதும்.

நம்மில் ஒருவரும் இதற்கு முயன்றதில்லை என்று நான் சொல்லவில்லை. விஜய் தொலைக்காட்சியில் 2006-ல் வந்த ‘கனா காணும் காலங்கள்’ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூடத்துக்கு அழைத்துவந்து, ஒரு தலைமுறையே தன் சிநேகிதர்களை அதில் அடையாளம் கண்டுகொள்ளச் செய்தது. 2022-ல் ஓடிடியில் அதற்கு மறுபிறப்பும் கிடைத்தது. ஆனால் அங்கே கூட்டம் உண்டு, கும்மாளம் உண்டு, காதல் உண்டு; பிள்ளை ஒன்று தனியாக உட்கார்ந்து சும்மா இருக்கும் நேரம் கிடையாது. மனோராஜ்யத்துக்கு முதல் மூலதனம் அந்தச் சும்மா இருக்கும் நேரமல்லவா?

வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிஷம், டிஆர்பி இறங்கினால் மறுநாளே கதையைத் திருப்பு என்று உத்தரவு வரும் உங்கள் பிழைப்பையும் நான் அறியாதவனல்லன். ‘கோலங்கள்’ 1,500 தவணைகளைத் தாண்டி ஓடியதென்றால், அத்தனை நாளும் கதையை இழுத்துப் பிடித்த உழைப்பு சாமானியமானதன்று. அந்த இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நன்னிலம் தாலுக்கா நல்லமாங்குடியில் பிறந்து, முத்துப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, கணக்குத் தணிக்கை அலுவலகக் குமாஸ்தாவாகி, நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போய்ப் பேரெடுத்த கே. பாலசந்தர், அந்தப் பேரோடு சின்னத்திரைக்கு வந்து ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ முதலிய தொடர்களை எடுத்தபோது, அளவாகச் சொல்லி அளவாக முடிக்கத் தமிழ்த் தொலைக்காட்சிக்குத் தெரியும் என்றுதான் காட்டினார். இன்று ஓடிடி தளங்கள் எட்டுத் தவணை, பத்துத் தவணை என்று நறுக்காகவே கேட்கின்றன. அதில் ஒன்றே ஒன்றைக் கொலையும் துப்பறிதலும் இல்லாமல் கேட்டுப் பாருங்கள்.

எழுதத் துணிபவர்கள், சென்னையில் அறை போட்டு உட்கார்ந்து எழுதாமல், மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் ஆனி மாதத்தில் ஒருமுறையும், கொள்முதல் நடக்கும் மாசியில் ஒருமுறையும் இந்தப் பக்கம் வந்து போங்கள். கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரியும் இடத்தில் நின்று, பிறகு ஏதாவதொரு கிளை வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு கடைமடை வரை நடந்து பாருங்கள். மகளிர் மேல்நிலைப் பள்ளி விடும் நேரத்தில் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். பத்துத் தவணை போதும். பெண்ணுக்குப் பெயர் நீங்களே வையுங்கள். பேச்சை மட்டும் எங்கள் பேச்சாக வையுங்கள்.

இங்ஙனம்,
தஞ்சாவூர் நேயர் ஒருவர்